புதன்கிழமை என்றொரு செடி

ரீனா ஔவஹாண்டுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். மற்றவர்களுக்கு ஏறுகிற இடத்தில் அவளுக்கு இறங்கும். இது தெரியாமல் அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் பலர்: எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர், மருத்துவர்கள் இருவர், கடைசியாக விதைக்கடை பாரெண்ட்.

நால்ட்வைக் ஊரில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில், தக்காளிக்குப் புது ரகம் உருவாக்கும் பிரிவில், நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தோம். பூ விரியும் முன்பே அதைப் பிரித்து, மகரந்தப் பையை இடுக்கியால் கிள்ளி எடுக்க வேண்டும். வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். காம்பில் சீட்டுக் கட்ட வேண்டும். அடுத்த பூ. எந்தச் செடியோடு எந்தச் செடி சேர்ந்தால் என்ன பிள்ளை வரும் என்று படித்தவர்கள் மாடி அறையில் கணக்குப் போடுவார்கள். ரீனா நாற்றைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "இதுக்குத் தோல் வெடிக்கும், கொர்ரி" என்பாள் என்னிடம். ஆகஸ்டில் வெடிக்கும்.

நாற்பத்தொன்பது வயதில் அவள் விரல்கள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார்கள். முதலில் இடுக்கி நழுவியது, பிறகு பால் பாட்டில், பிறகு சைக்கிள் பிரேக். கம்பெனி அவளுக்கு ஒரு கேக்கும் செவ்வந்திக் கொத்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. "பூ பாத்தியா? கம்பெனியோட சொந்த ரகம். வாசனையே கிடையாது" என்றாள் அவள். அன்றைக்கு அவள் சொன்னது அவ்வளவுதான்.

மாத்திரைகள் வலியைக் குறைத்தன, வயிற்றைக் கிழித்தன. வேறு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் செய்தித்தாளின் ஒரே பத்தியை நான்கு முறை வாசித்தாள். மருத்துவரிடம் போய், "எனக்கு விரல்லதான் நோவு, மண்டைல இல்ல. மண்டைய எதுக்கு அணைக்கிறீங்க?" என்று கேட்டாள். பழகிவிடும் என்றார் அவர். அவள் குரல் தாழ்ந்தது. மறுவாரம் டெல்ஃப்டுக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே கால்வாய்க்குப் பின்புறம் ஒரு காபி ஷாப். பலகையில் காபி என்றிருக்கும், உள்ளே போகிறவர்கள் கஞ்சாவுக்குப் போவார்கள். இது எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மழைக்கோட்டும் ஷாப்பிங் பையுமாக, காலை பதினொரு மணிக்கு, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் அங்கே நிற்பது அன்றைக்குப் புதுசு. நானும் துணைக்குப் போயிருந்தேன். வெளியே நிற்கிறேன் என்றேன். விடவில்லை.

"எனக்கு விரல் வலி. என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

கல்லாவில் இருந்தவன் காதில் வளையம் போட்டவன், மரியாதையானவன். "அடிப்படைல ரெண்டு வகைம்மா. ஒண்ணு தூக்கும், ஒண்ணு அமுக்கும். எது வேணும்?"

"நடுவுல?"

"கலப்பினம்னு நிறைய வருது. ஆனா ஏதாச்சும் ஒரு பக்கம் சாய்ஞ்சிடும். எல்லாரும் வீரியத்துக்காகத்தானே கலக்கறாங்க."

இரண்டிலும் கொஞ்சம் வாங்கினாள். தூக்குகிற வகையை எடுத்த நாளில், வீட்டிலிருந்த அலமாரிகளையெல்லாம் காலிசெய்து துடைத்துவிட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்து தன் நெஞ்சுத் துடிப்பை எண்ணத் தொடங்கினாள். அமுக்குகிற வகையை எடுத்த நாளில் நான் போய்க் கதவைத் தட்டினேன். அடுப்பில் பட்டாணி சூப் கருகிக்கொண்டிருந்தது. ரீனா நாற்காலியில் இருந்தாள், கண்ணும் திறந்திருந்தது.

"வலி போச்சா?" என்றேன்.

"போச்சு" என்றாள். "கூடவே நானும் போயிட்டேன்."

மறுநாள் தெளிந்ததும் அவள் புலம்பவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடிக் குடிலைத் திறந்து, உடைந்த சட்டிகளை வெளியே எடுத்துப் போட்டாள்.

"ரெண்டு வகைதான்னா ஏத்துக்கணுமா, கொர்ரி? நாம என்ன வேலை பாத்தோம் இத்தனை வருஷம்? இது டாக்டர் பிரச்சினை இல்ல. இது ரகப் பிரச்சினை."

எங்கள் நாட்டில் விதை விற்பதற்குத் தடை இல்லை. வளர்ப்பதுதான் குற்றம். ஆனால் வீட்டுக்கு ஐந்து செடிவரை போலீஸ் கண்டுகொள்ளாது. அந்த ஐந்தை அவள் கடைசிவரை தாண்டவில்லை. அதனால்தான் ஒன்பது வருடம் ஆயிற்று. நூறு செடி வைத்திருந்தால் மூன்று வருடத்தில் முடித்திருப்பாள். வைத்துக்கொள்ளேன், யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். "அவங்க எண்ண மாட்டாங்க. நான் எண்ணுவேன். நாளைக்கு எவனாவது என்னைத் திருடின்னு சொல்ல வாயெடுத்தா, அந்த வாய அடைக்க எனக்கு இந்த அஞ்சு வேணும்" என்றாள்.

உயரமாக வளர்ந்து, ஒல்லி இலையோடு, அக்டோபர் கடைசிவரை பூத்துக்கொண்டே இருக்கும் ஒரு செடி. குட்டையாக, அகல இலையோடு, ஆகஸ்டிலேயே அவசரமாக முடித்துக்கொள்ளும் இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்தாள். அந்தச் சேர்க்கையின் பிள்ளைகள் ஒரே அச்சாக வந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தபோதுதான் குடும்பச் சண்டை வெடித்தது. ஒன்று தாத்தாவைப் போலக் கூரையை முட்டும். ஒன்று தரையில் பரவும். ஒரு செடி அச்சு அசலாக ஒல்லி இலை, ஆனால் அதை எடுத்தால் ஆளை அப்படியே அமுக்கியது. ரீனா தன் நோட்டில் எழுதியதை நான் பார்த்தேன்: "இலையைப் பார்த்துக் குணம் சொல்கிறவன் பொய் சொல்கிறான்."

அவளுடைய சோதனை எளிமையானது. அறுவடையைக் காயவைத்து, ஒரே அளவில் எடுத்து, அரை மணி கழித்து மூன்று காரியம் செய்வாள். ரவிக்கையின் பொத்தான்களைப் போடுவாள். செய்தித்தாளில் ஒரு பத்தி வாசித்து, பக்கத்தை மூடிவிட்டு, என்ன வாசித்தாள் என்று எழுதுவாள். பிறகு எனக்கு போன் செய்வாள். பொத்தான் போட முடிந்ததா, பத்தி நினைவிருக்கிறதா, என்மேல் எரிந்து விழுந்தாளா என்பதுதான் கேள்வி. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் செடியின் விதை குப்பைக்குப் போகும்.

"நேத்து எப்படி இருந்தேன்?" என்று மறுநாள் கேட்பாள்.

"என் புருஷனப் பத்தி ஒரு வார்த்தை சொன்ன."

"அது செடி சொன்னதில்ல. நான் சொன்னது. பாஸ்."

ஆறாவது கோடையில் அது வந்தது. எங்கள் நெஞ்சு உயரம். கிளைகள் நடுத்தண்டோடு போட்டி போடாமல் நான்கு பக்கமும் ஒழுங்காக விரிந்திருந்தன. இலை ஒல்லியுமில்லை, அகலமுமில்லை. செப்டம்பர் நடுவில், எங்கள் கடற்கரை மழை வந்து பூவை அழுகவைக்கும் முன்பே, முற்றிவிட்டது. பூவைக் கசக்கினால் முதலில் ஆரஞ்சுத் தோல், அதற்கடியில் அப்போதுதான் இடித்த மிளகு. எடுத்த கால் மணியில் கழுத்து இளகும். வலி அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேதான் இருக்கிறது என்று தெரியும், ஆனால் கூப்பிடாது. மனசு ஓடாது, உடம்பு புதையாது. மூன்று மணி நேரத்தில், வந்தது தெரியாமல் இறங்கிவிடும்.

நானும் ஒருமுறை எடுத்தேன். வானொலியில் வானிலை அறிக்கை கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தூங்கிப்போனேன். ரீனா அதையும் நோட்டில் எழுதினாள்: "எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கொர்ரி தூங்கினாள்."

விதையில் மாறாமல் வருமளவுக்கு அதை நிலைப்படுத்த மேலும் மூன்று வருடம். பெயர் என்ன வைக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"புதன்கிழமை."

"அது என்னடி பேரு?"

"வாரத்துக்கு நடுவுல வருது. யாரும் கொண்டாட மாட்டாங்க, யாரும் பயப்பட மாட்டாங்க. வேலைக்குப் போய்ட்டு வரலாம்."

ஹேக் நகரத்தில் விதைக்கடை வைத்திருந்த பாரெண்ட் ஸ்லாக்டருக்கு யாரோ சொல்லி விஷயம் எட்டியது. காரில் வந்து இறங்கினான். முப்பத்தைந்து வயது, தோல் ஜாக்கெட், கைகுலுக்கும்போது அவள் விரலைப் பார்த்து மெதுவாகப் பிடிக்கும் அளவுக்கு நல்ல புத்தி. எனக்கே அவனைப் பிடித்திருந்தது. செடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். தன் விலைப்பட்டியலில் போடுகிறேன் என்றான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: செடியைப் பற்றி அவள் எழுதிக் கொடுப்பதை ஓர் எழுத்து மாற்றாமல் அச்சடிக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே கைகொடுத்தான், கொஞ்சம் விதையும் எடுத்துக்கொண்டு போனான்.

சமையலறை மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். இப்படி இருந்தது:

"நடுத்தர உயரம். நடுத்தர விளைச்சல். வீரியமும் நடுத்தரம்தான், அதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறவர்கள் வேறு விதை வாங்கவும். ஆரஞ்சு, மிளகு வாசனை. எனக்கு இது வலியைத் தள்ளி வைக்கிறது, புத்தியை விட்டு வைக்கிறது. உங்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. எந்த நோயையும் குணப்படுத்தாது. வாய் உலரும். அதிகமாக எடுத்தால் எல்லாவற்றையும் போல இதுவும் உங்களைப் படுக்கவைக்கும். எடுத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். இலையில் சாம்பல் நோய் வரும், காற்றோட்டம் வேண்டும். பாதிக்குப் பாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமநிலை கலவையில் வருவதில்லை, வேண்டாததைப் பிடுங்கி எறிவதில் வருகிறது."

பட்டியல் பிப்ரவரியில் தபாலில் வந்தது. வழவழப்பான தாள். அவள் செடியின் படம் பதினோராம் பக்கத்தில். மேலே பெரிய எழுத்தில் "சம்மட்டி" என்று பெயர். கீழே: "தலையில் ஒரே போடு! பாதிக்குப் பாதி, துல்லியமான கலப்பு! மூட்டுவலிக்கு முற்றுப்புள்ளி!"

ரீனா அதை என்னிடம் நீட்டினாள். மழைக்கோட்டை எடுத்தாள். இருவரும் பஸ் பிடித்து ஹேக் போனோம்.

கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள். பாரெண்ட் எங்களைப் பார்த்ததும் கையை விரித்து வரவேற்றான்.

"ரீனாம்மா! பாத்தீங்களா, எவ்வளவு அழகா வந்திருக்கு!"

"மூட்டுவலி குணமாகும்னு யார் சொன்னது?"

"நீங்கதானே எடுத்துக்கறீங்க?"

"நான் எடுத்துக்கறேன். எனக்கு இன்னும் மூட்டுவலி இருக்கு. இந்தா, விரலைப் பாரு. இது குணமான விரலா?" கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் குரலைக் குறைத்து, "இங்க பாருங்க, நடுத்தரம்னு எழுதினா எவன் வாங்குவான்? ஒருத்தன் கடைக்கு வர்றதே நடுத்தரமா இருக்கிறது அலுத்துப்போய்த்தான்" என்றான்.

"அப்ப வாங்க வேணாம்."

"நீங்க வியாபாரம் பண்ணினதில்ல."

"நீ வலியில இருந்ததில்ல."

வாடிக்கையாளர்களில் ஒருத்தி சிரித்தாள். பாரெண்ட் அசடு வழிந்தான். அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றான். அதற்குள் ஒரு நல்ல செய்தி, நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் விதைக்காரர்கள் போட்டிக்குச் செடியைக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றான். "மேடையில பேசலாமா?" என்று கேட்டாள் ரீனா. "ஜெயிச்சா தாராளமா!" என்றான் அவன். அந்த வார்த்தையை அவன் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

போட்டி ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் நடந்தது. மதியம் இரண்டு மணி. உள்ளே புகையில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. பல நாட்டுக்காரர்கள். எங்கள் வயதில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நடுவர்கள் வீரியத்துக்கே பெரிய மதிப்பெண் போடுவார்கள் என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார். ஆனாலும் கலப்பினப் பிரிவில் "சம்மட்டி"க்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வாசனைக்காம். பாரெண்ட் மேடையேறி மைக்கைப் பிடித்து, "இதுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்காங்க. நம்ம தக்காளி அத்தை! கை தட்டுங்க!" என்று கத்தினான்.

ரீனா படியேறினாள். பித்தளைக் கோப்பையை அவன் நீட்டினான். அவள் அதை வாங்காமல் மைக்கை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்தால்தான் அவளுக்கு நிற்கும்.

"இதோட பேரு சம்மட்டி இல்ல. புதன்கிழமை" என்றாள்.

சத்தம் அடங்கவில்லை. யாரோ விசில் அடித்தார்கள். அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே முன்வரிசை அமைதியாயிற்று, பிறகு அதற்குப் பின்வரிசை.

"இது யார் தலைலயும் போடாது. எந்த நோயும் இதனால குணமாகாது. இவர் அச்சடிச்சது பொய். ஒன்பது வருஷம் நான் வளத்தது இது. நான் எழுதினதை வாசிக்கறேன், கேளுங்க."

பாரெண்ட் மைக்கைப் பிடித்து இழுத்தான். அவளிடமிருந்து இடுக்கி நழுவியதை நான் பார்த்திருக்கிறேன், பால் பாட்டில் நழுவியதைப் பார்த்திருக்கிறேன். அந்த மைக் நழுவவில்லை. அவன் விட்டுவிட்டான். அவள் மைக்கை முழங்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, தாளைப் பிரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். "நடுத்தர விளைச்சல்" என்றபோது கூட்டம் ஊளையிட்டது. சாம்பல் நோய் வரும் என்றபோது சிரித்தது.

பின்னாலிருந்து ஒரு தடியன் கத்தினான்: "அப்ப அதை வச்சுக்கிட்டு என்னதான் பண்றது?"

"சட்டைப் பொத்தான் போடலாம்" என்றாள் ரீனா. "உனக்கு அது சின்ன விஷயம். உன் கை நல்லா இருக்கு. நல்லா இருக்கட்டும்."

மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினாள். கைதட்டினார்கள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கொஞ்சம் பேர் தட்டினார்கள், நிறைய பேர் அடுத்த பரிசுக்காகக் காத்திருந்தார்கள். ரயிலில் திரும்பும்போது "சரியாத்தான் வாசிச்சேனா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வரியை விட்டுவிட்டாய் என்றேன். வண்டி ஓட்டாதீர்கள் என்ற வரி. "ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். அதுதான் அன்றைக்கு அவளுக்கிருந்த ஒரே வருத்தம்.

இரண்டு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த ரகம் பாரெண்டின் கடைக்கே சொந்தமாம். அதன் விதையை அவள் விற்கக் கூடாது, பிறருக்குத் தரக் கூடாது, அதைப் பற்றிப் பொதுவில் பேசக் கூடாதாம். நான் பயந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டுவிடு, வயதான காலத்தில் கோர்ட்டுக்கு அலைய முடியுமா என்றேன்.

"எனக்கு என்ன வயசாச்சு? அம்பத்தெட்டு" என்றாள். "வாசிச்சியா இத? பின்பக்கம் வெறுமையா இருக்கு."

முதலில் எனக்குப் புரியவில்லை. நூலகத்துக்குப் போய் அந்த நோட்டீஸை இருநூறு நகல் எடுத்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தன் குறிப்பை அச்சிட்டாள். அவளால் மடிக்க முடியாது, அதனால் மடிக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு தாளையும் சின்ன உறையாக மடித்து, உள்ளே ஐந்து விதை போட்டோம். ஆறாவது விதை போடப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்கு இடம் கொடுத்தது ஹெர்ரிங் மீன் விற்கும் யாப். தன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டுக்கொள்ளச் சொன்னான். "இலவசம்" என்று அட்டையில் எழுதி வைத்தாள். காபி ஷாப் வாசலையே மிதிக்காத முகங்கள் வந்தன. கூடத்தில் எங்களோடு வேலை செய்த பெண்கள், கழுத்துப் பட்டை போட்டவர்கள், ஊன்றுகோல்காரர்கள். யாப் மீனில் வெங்காயம் தூவிக்கொண்டே கூவினான்: "வாங்க வாங்க! மீன் என்கிட்ட, கேஸ் அவங்ககிட்ட!"

மூன்றாவது சனிக்கிழமை பாரெண்ட் வந்தான். தோல் ஜாக்கெட் மழையில் நனைந்திருந்தது. ஓர் உறையை எடுத்துப் பிரித்தான். தன் வக்கீலின் கையெழுத்தைப் பார்த்தான்.

"இது சட்டப்படி தப்பு, தெரியுமில்ல?"

"அஞ்சு செடிக்கு மேல நான் வச்சதில்ல. விதை விக்கவும் இல்ல. உன் லெட்டரைத்தான் குடுக்கறேன். உள்ள ஏதாவது இருந்தா அது தற்செயல்."

யாப் வாய்விட்டுச் சிரித்தான். பாரெண்டுக்கு முகம் சிவந்தது. "ஒன்பது வருஷ உழைப்ப இப்படித் தெருவுல எறியறீங்களே. என்னோட இருந்திருந்தா நல்ல வீடு வாங்கியிருக்கலாம்" என்றான். அதில் வஞ்சகம் இல்லை. அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"வீடு இருக்கு. வாய மூடிக்கிட்டு இருக்கற வீடு எனக்கு வேணாம்" என்றாள் ரீனா. "நீயும் ஒண்ணு எடுத்துக்க, தம்பி. பின்பக்கம் வாசி."

எடுத்துக்கொண்டான். கோர்ட்டுக்கு அவன் போகவில்லை. யார் உருவாக்கியது என்று அங்கே கேட்டால் அவளுடைய ஒன்பது நோட்டுகள் இருந்தன, அவனிடம் ஒரு விலைப்பட்டியல்தான் இருந்தது. "சம்மட்டி" இன்னும் இரண்டு வருடம் விற்றது. வாங்கியவர்கள் போடு விழவில்லை என்று திட்டி எழுதினார்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான்.

ரீனாவுக்குக் கொடுத்துவைத்தது அதிகமில்லை. விரல்கள் மேலும் கோணின. மற்றொரு ரகம் உருவாக்க ஆசைப்பட்டாள், மகரந்தத் தூரிகையைப் பிடிக்க முடியவில்லை, என்னைப் பிடிக்கச் சொல்லித் திட்டிக்கொண்டே ஒரு கோடை ஓட்டினாள், விட்டுவிட்டாள். ஒரு செய்தித்தாள்காரர் வந்து அவளை "கஞ்சா தேவதை" என்று எழுதப் போகிறேன் என்றதும் கதவைச் சாத்தினாள். குடிலில் ஐந்து செடி மட்டும் வருடா வருடம் நின்றது.

போன வருடம் க்ரோனிங்கனில் யாரோ புதிதாகத் தொடங்கிய ஒரு விதைக்கடையின் பட்டியலை நான் வாங்கி வந்தேன். நாற்பதாம் பக்கத்தில் புதன்கிழமை என்ற பெயரில் ஒரு ரகம். படம்கூட இல்லை. யாரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை, அவள் பெயரும் அதில் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தாள். நடுத்தர உயரம். நடுத்தர விளைச்சல். எந்த நோயையும் குணப்படுத்தாது. எல்லாம் இருந்தது. அவளுடைய சொற்கள், அவளுடைய வரிசை.

"கேஸ் போடலாமா?" என்றேன்.

"எதுக்கு? மாத்தாமப் போட்டிருக்கான்" என்றாள். பட்டியலை மூடினாள். பிறகு மறுபடி திறந்து இன்னொருமுறை சரிபார்த்தாள், யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை.